பழைய அம்பாசிடருக்குப் புது சீட், புது கார்பெட்: அவனியாபுரம் வழியில் ஒரு குஷன் கடை

மதுரைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் சீட் வேலை தெரிந்த ஆள் கிடைக்காமல் படும் பாடு எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் போகிற வழியில், ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. எங்கள் அம்பாசிடரின் முன் சீட், பின் சீட், தரைக் கார்பெட் எல்லாவற்றையும் போன ஆடி மாதம் இங்கே கொடுத்துச் செய்தோம். அதற்குப் பிறகு ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் வண்டி பார்த்துவிட்டது. சீட் வேலை முதல் தரம். கார்பெட்டும் நன்றாகவே வந்தது, ஆனால் பக்கத்தில் நின்று சொல்லி வாங்க வேண்டியிருந்தது.

நான் திருமங்கலத்தில் தையல் கடை நடத்துகிறேன். பிளவுஸ், சுடிதார், ஜூன் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். எந்தத் துணியைப் பார்த்தாலும் அதைத் திருப்பி உள்தையலைப் பார்க்கிற பழக்கம் கைக்கு வந்துவிட்டது. குஷன் கடைக்காரர்களிடமும் அப்படித்தான் பார்த்தேன். அதனால் இதில் தையல் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

வண்டி 1977 மாடல், மார்க் 3. மாமனார் வாங்கியது. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. ஆங்கிலேயர்களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி வந்தது, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். கியர் ஸ்டீயரிங்கிலேயே இருப்பதால் முன்னால் நீளமாக ஒரே பெஞ்சு சீட். இந்தப் பெஞ்சு சீட்டுக்காகவே எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் வண்டியைக் கேட்டு வருவார்கள். வாடகை எதுவும் நாங்கள் வாங்குவதில்லை. பெட்ரோல் போட்டுக் கொடுப்பார்கள், மாலை கட்டி மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். 2014-இல் உத்தரபாராவில் உற்பத்தியை நிறுத்திய பிறகு இந்த வண்டியைப் பார்க்கிறவர்களுக்கு ஆசை இன்னும் கூடியிருக்கிறது.

வேலைக்குக் கொடுக்க முடிவு செய்ததற்குக் காரணம் ஒரு பட்டுப் புடவை. பக்கத்துத் தெருப் பெண்ணின் கல்யாணத்துக்கு வண்டி போயிருந்தது. பின் சீட்டின் ஓரத்தில் ரெக்ஸின் கிழிந்து, உள்ளே உடைந்த ஸ்பிரிங்கின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மணப்பெண் இறங்கும்போது முகூர்த்தப் புடவையின் கொசுவத்தில் அது மாட்டி, ஒரு சாண் நீளத்துக்கு இழை இழுத்துவிட்டது. அந்த இழைகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி நானே சரிசெய்து கொடுத்தேன். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டியில் இன்னொரு பெண்ணை உட்காரவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு வேறொரு கடையில் ஒருமுறை சீட் வேலை செய்திருந்தோம். அங்கே பழைய ரெக்ஸினுக்கு மேலேயே ஒரு இன்ச் ஸ்பாஞ்சைப் பரப்பி, அதற்கு மேல் புது உறையைப் போட்டு இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆறு மாதத்தில் உட்காரும் இடம் பள்ளமாகி, நடுவில் உறை தொளதொளத்து, ஓரத்துத் தையல் பிரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்தே பார்க்கவில்லை. மதுரையில் பெரும்பாலான கடைகளில் இன்றைக்கும் விலை கேட்டால் இந்த வேலைக்குத்தான் விலை சொல்கிறார்கள். ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்பார்கள், காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். புதுக் கார்களுக்கு அது போதும். ஸ்பிரிங் வைத்த பழைய சீட்டுக்குப் போதவே போதாது.

இந்தக் கடையில் எனக்கு நம்பிக்கை வந்ததே அவர் விலை சொல்ல மறுத்ததால்தான். "சீட்டைப் பிரிக்காம எப்படிம்மா விலை சொல்றது? உள்ள கம்பி இருக்கா, துரு இருக்கான்னு எனக்கென்ன தெரியும்?" என்றார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்ன வயதில் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் வேலை கற்றவர். கரூர் பஸ் பாடிக்குப் பேர்போன ஊர் என்பது ஊரறிந்தது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊருக்கும் மோட்டாருக்கும் உறவு உண்டு, அதனால் இங்கேயும் நல்ல கைகள் இருந்திருக்கின்றன. இப்போது அந்தக் கைகளுக்கெல்லாம் வயதாகிவிட்டது. மாஸ்டரிடம் வேலை கற்றுக்கொண்டிருப்பவர்கள் இரண்டே பையன்கள்தான். அதில் ஒருவன் சீட் வேலையை மனதார விரும்பிச் செய்கிறான். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சீட்டை எங்கள் கண் முன்னாலேயே பிரித்தார்கள். உறையை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் வெட்டி எடுத்தான் பையன். முதலில் முந்தைய கடை போட்ட ஸ்பாஞ்சு வந்தது, மஞ்சளாகி, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அதற்குக் கீழே கம்பெனி ரெக்ஸின். அதற்கும் கீழே தென்னை நார் மெத்தை. தேங்காய் நாரைச் சுருட்டி, ரப்பர் பால் தெளித்து, சூட்டில் இறுக்கிச் செய்வது அது. அந்தக் காலத்து வண்டிகளில் இதைத்தான் நிறைய போட்டார்கள். காற்று உள்ளே போய் வருவதால் நம் ஊர் வெயிலுக்கு நல்ல பொருள். ஆனால் நாற்பது வருடத்தில் அந்த ரப்பர் செத்து, நார் எல்லாம் பழுப்புத் தூளாகக் கொட்டியது. சீட்டை நிமிர்த்தியபோது தரையில் ஒரு முறம் தூள் சேர்ந்துவிட்டது. வண்டியில் உட்கார்ந்தால் தும்மல் வருகிறது என்று என் மகன் சொல்லிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அதற்குக் கீழே ஸ்பிரிங். முன் சீட்டில் டிரைவர் உட்காரும் பக்கம் நான்கைந்து ஸ்பிரிங் உடைந்திருந்தன, மற்றவை நன்றாகவே இருந்தன. ஸ்பிரிங்கையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மொத்தமாக ஃபோம் வைத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பிரிங் இருக்கும் சீட்டின் உயரமும் துள்ளலும் ஃபோமில் வராது, ஃபோம் மட்டும் வைத்தால் ஸ்டீயரிங்குக்கும் தொடைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே மாறிப்போகும் என்றார். உடைந்ததற்கு மட்டும் வேறொரு பழைய சீட்டிலிருந்து அதே கனக் கம்பியில் எடுத்து மாற்றினார். சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தார். ஸ்பிரிங்குகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் கட்டி, அதன் மேல் கனமான கேன்வாஸ் துணியை இறுக்கித் தைத்தார். இந்தத் துணி இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் மேல்வளையம் மேலே வரும் மெத்தையை அறுத்துக்கொண்டே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத வேலை இது, அதைத்தான் அவர் அதிக நேரம் எடுத்துச் செய்தார்.

கேன்வாஸுக்கு மேல் புதிய ரப்பர் நார் மெத்தை, அதற்கு மேல் ஒன்றரை இன்ச் ஃபோம். ஃபோம் வாங்கும்போது டென்சிட்டி என்று ஒரு எண் சொல்வார்கள். 40 டென்சிட்டி என்றால் அந்த ஃபோம் ஒரு கன மீட்டர் இருந்தால் 40 கிலோ எடை இருக்கும் என்று அர்த்தம். எண் கூடினால் கல் மாதிரி கடினமாக இருக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். கடினம் வேறு, டென்சிட்டி வேறு. ஒரே டென்சிட்டியில் மெத்தென்றும் கிடைக்கும், விறைப்பாகவும் கிடைக்கும். எடை கூடின ஃபோம் சீக்கிரம் அமுங்கிப் போகாது, அவ்வளவுதான். எங்களுக்கு 40-இல் நடுத்தர மென்மையில் போட்டார்கள். எந்த ஃபோம் போடுகிறார்கள் என்பதைக் கேட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள். கடையில் பல துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த கலர் கலரான ஃபோமும் கிடக்கும். அது பஸ் சீட்டின் அடியில் வைக்க ஆகும், கார் சீட்டின் மேல் பகுதிக்கு ரொம்ப விறைப்பு.

ரெக்ஸின் தேர்ந்தெடுக்கத்தான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. திண்டுக்கல் பக்கத்தில்தானே இருக்கிறது, தோல் பதனிடும் ஊர், உண்மையான தோலே போட்டுவிடலாமே என்று மைத்துனர் சொன்னார். ஆசைதான். ஆனால் இந்த வண்டி ரெக்ஸினோடு வந்த வண்டி, இதற்குத் தோல் போட்டால் அது வேறு வண்டியாகிவிடும் என்பது என் எண்ணம். தவிர, தோலுக்கு அடிக்கடி எண்ணெய் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நிற்கிற வண்டிக்கு அது சரிப்படாது. மாஸ்டரும் அதையே சொன்னார்.

ரெக்ஸின் வாங்கும்போது முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பின்புறம் பனியன் துணி மாதிரி பின்னல் துணி ஒட்டியிருந்தால் இழுத்தால் கொஞ்சம் நீளும், சீட்டின் வளைவுகளில் சுருக்கம் விழாமல் உட்காரும். நெய்த துணி ஒட்டியிருந்தால் நீளாது, தட்டையான கதவுப் பலகைக்கு அதுதான் நல்லது. மலிவான ரெக்ஸினில் பின்னால் துணியே இழை இழையாக இருக்கும், நகத்தால் கீறினால் மேல்தோல் உரிந்து வரும். அப்புறம், ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து சில நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டு வையுங்கள். ரெக்ஸினை மென்மையாக வைத்திருக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு பொருள் சேர்க்கிறார்கள். சூட்டில் அது மெல்ல வெளியேறும். பூட்டி நிறுத்திய காரில் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒரு பிசுக்குப் படியுமே, பெரும்பாலும் அதுதான். அந்த எண்ணெய் முழுக்கப் போன பிறகுதான் ரெக்ஸின் வறண்டு, பாளம் பாளமாக வெடிக்கிறது. நாங்கள் வெயிலில் போட்ட மூன்று துண்டுகளில் ஒன்று சீக்கிரமே விறைத்துவிட்டது. விலையில் நடுவில் இருந்ததுதான் கடைசி வரை மென்மையாக இருந்தது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைவீதியில் அதைக் கரும்பச்சை நிறத்தில் வாங்கினோம். பழைய சீட்டின் அடியில், வெளிச்சம் படாத மடிப்பில் இருந்த நிறம் அதுதான்.

இனித் தையல். மாஸ்டரிடம் இருப்பது கனத் துணி தைக்கும் மெஷின். மேலே இருக்கும் காலும் துணியோடு சேர்ந்து நடந்து வரும், வாக்கிங் ஃபுட் என்பார்கள். சாதாரண மெஷினில் ரெக்ஸினையும் ஃபோமையும் சேர்த்துத் தைத்தால் கீழ்த்துணி மட்டும் நகரும், மேல்துணி பின்தங்கும். தைத்து முடிக்கும்போது ஒரு பக்கம் அரை இன்ச் மிச்சம் நிற்கும். அந்த மெஷினைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நிம்மதி.

மீதி நிம்மதி தையலின் நீளத்தைப் பார்த்தபோது வந்தது. பிளவுஸில் நாங்கள் இன்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழுகிற மாதிரி பொடியாகத் தைப்போம். பொடித் தையல்தான் உறுதி என்று எங்கள் தொழிலில் பாடம். ரெக்ஸினில் அது தலைகீழ். ஊசி போட்ட ஓட்டை துணியில் மூடிக்கொள்ளும், ரெக்ஸினில் மூடாது. ஓட்டைகள் நெருங்கி விழுந்தால் அந்த வரியிலேயே கிழிந்து வந்துவிடும். மாஸ்டர் இன்சுக்கு ஆறு ஏழு தையல்தான் போடுகிறார். நூல் தடித்த நைலான். பருத்தி நூல் போட்டால் வியர்வைக்கும் ஈரத்துக்கும் மக்கிப் போகும். எங்கள் வண்டியில் பழைய தையல் பிரிந்த இடங்களில் நூலே இல்லாமல் வெறும் ஓட்டை வரிசைதான் இருந்தது.

பழைய உறையை அவர் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு துண்டாகத் தையல் பிரித்து, சாக்பீஸால் எண் எழுதி, அதையே அளவாக வைத்துப் புது ரெக்ஸினை வெட்டினார். பழசு வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால் சில துண்டுகளில் கால் இன்ச் குறைத்துக்கொண்டார். நடுவில் வரி வரியாக வரும் மடிப்புகளைப் பழையபடியே அதே எண்ணிக்கையில் போட்டுக் கொடுத்தார். முதுகுச் சாய்மானத்தின் வரியும் உட்காரும் மெத்தையின் வரியும் ஒரே கோட்டில் நேராக இறங்கி வந்து சேருகின்றன. பெஞ்சு சீட்டின் முழு அகலத்துக்கும் அப்படி ஒரு வரிகூடத் தப்பாமல் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று கட்டம் போட்ட துணியில் சட்டை தைத்தவர்களுக்குத் தெரியும். ஓரத்தில் வரும் பைப்பிங்கும் அப்படித்தான். ரெக்ஸினைக் குறுக்காக வெட்டிப் பட்டி எடுத்து, உள்ளே பிளாஸ்டிக் கயிறு வைத்துத் தைத்திருக்கிறார். மூலைகளில் வெட்டு வைத்துத் திருப்பியிருக்கிற விதத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. உறையைச் சீட்டின் மேல் மாட்டும் முன் மத்தியான வெயிலில் அரை மணி நேரம் காய வைத்தார்கள். சூடு ஏறினால் ரெக்ஸின் இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். ஆறிய பிறகு அது இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

முதல் நாள் அந்தச் சீட்டில் உட்கார்ந்தபோது என் மாமியார் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாங்கின புதிதில் இப்படித்தான் இருந்தது என்றார். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

கார்பெட் கதை வேறு. சீட்டை வெளியே எடுத்து, பழைய விரிப்பை உரித்தபோது டிரைவர் பக்கத் தரையில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் வெடித்து, மழைத் தண்ணீர் உள்வழியாக இறங்கி, விரிப்புக்கு அடியில் தேங்கி நின்றிருக்கிறது. மேலே காய்ந்தமாதிரி இருக்கும், அடியில் சணல் மெத்தை மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். உங்கள் வண்டியில் மழைக்காலத்தில் பூஞ்சை வாடை அடித்தால் வாசனைப் பொருள் வாங்கி மாட்டாதீர்கள், விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

குஷன் கடையில் டிங்கர் வேலை கிடையாது. மாஸ்டரே பக்கத்தில் ஒரு டிங்கர் பட்டறைக்கு அனுப்பினார். துருப்பிடித்த இடத்தை நல்ல தகடு வருகிற வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் தகட்டில் ஒட்டு வைத்து வெல்டிங் செய்தார்கள். வெல்டிங்குக்கு முன் சீட், விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு பேட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும், ஃபோமில் ஒரு பொறி விழுந்தால் போதும். மேலும் கீழும் ப்ரைமர் அடித்து, அடியில் கறுப்புக் கோட்டிங் கொடுத்தார்கள். தரையில் இருக்கும் வடிகால் ஓட்டைகளுக்குப் புது ரப்பர் மூடி, முன்கண்ணாடிக்குப் புது பீடிங். இவையெல்லாம் முடியாமல் கார்பெட் போடுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான். எந்தக் கடைக்காரர் தரையைப் பார்க்காமலே கார்பெட் ஒட்டித் தருகிறேன் என்கிறாரோ அவரிடம் கொடுக்க வேண்டாம்.

கார்பெட்டுக்கு மாஸ்டர் முதலில் சொன்னது இப்போது எல்லாக் கார்களுக்கும் போடுகிறார்களே, கட்டம் கட்டமாகத் தைத்த 7டி மேட். துடைத்தால் போதும், சுத்தம் செய்ய எளிது என்பது உண்மைதான். ஆனால் அம்பாசிடருக்குள் அது ஒட்டவில்லை. அதோடு ஓரங்களில் தண்ணீர் உள்ளே போனால் அடியிலேயே நிற்கும். நான் சுருள் இழைக் கார்பெட்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இதில் இரண்டு வகை. இழை வளைந்து மறுபடி உள்ளே போகிற மாதிரி சுருள் சுருளாக இருப்பது ஒன்று, செருப்புத் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். நுனி வெட்டிய, புல் மாதிரி நிற்கிற இழை இன்னொன்று, பார்க்க அழகு, ஆனால் மிதி படுகிற இடத்தில் சீக்கிரம் படிந்துவிடும். முதல் வகையில் செயற்கை இழையில் சாம்பல் கலந்த பச்சை எடுத்தோம்.

அடியில் வைக்க மறுபடியும் சணல் மெத்தையைத்தான் எடுத்து வைத்திருந்தார்கள். சத்தத்தைக் குறைப்பதில் அதற்கு நிகர் இல்லைதான், ஆனால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் தரை ஓட்டையானதே அதனால்தான். அதை வேண்டாம் என்று சொல்லி, தண்ணீர் உறிஞ்சாத கறுப்பு ஃபோம் ஷீட்டை வாங்கிக் கொடுத்தேன். தகட்டில் நேராக முதலில் தார் ஷீட் ஒட்டி, அதன் மேல் இது. தகடு அதிர்ந்து எழும்பும் சத்தத்தைத் தார் ஷீட் பிடித்துக்கொள்கிறது, நடுவில் கியர்பாக்ஸ் மேட்டிலிருந்து வரும் சூட்டை ஃபோம் தடுக்கிறது. முன்பெல்லாம் மதுரையிலிருந்து ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் கால் பொசுங்கும். இப்போது அந்தச் சூடு பாதிகூட இல்லை.

அந்த நடு மேட்டில்தான் கார்பெட் வேலையின் சிரமம் எல்லாம் இருக்கிறது. சமமான விரிப்பை உருண்டை மேட்டின் மேல் போட்டால் எங்காவது மடிப்பு விழும். ஒரே துண்டாகப் போட்டு, பசை தடவி அழுத்தி ஒட்டினான் பையன். மறுநாள் பார்த்தால் இரண்டு இடத்தில் குமிழ். நான் சாக்பீஸ் வாங்கி, பிளவுஸுக்கு டாட் பிடிப்பதுபோல நான்கு இடத்தில் முக்கோணம் போட்டுக் காட்டினேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் பார்த்தார், பிறகு தானே கத்தியை எடுத்து வெட்டி, பின்பக்கம் பட்டி கொடுத்துத் தைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. தனக்குத் தெரியாததை ஒரு பெண் சொல்கிறாளே என்று முகம் சுளிக்கிற ஆளாக அவர் இல்லை. அது எனக்குப் பெரிய விஷயம்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கார்பெட்டுக்கு இழை சாயும் திசை உண்டு, வெல்வெட்டுக்கு இருக்கிற மாதிரியே. எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருந்தால்தான் நிறம் ஒன்றாகத் தெரியும். பின்பக்க இடது துண்டைத் துணி மிச்சப்படுத்துவதற்காகத் திருப்பி வெட்டிவிட்டார்கள். நிழலில் தெரியவில்லை, வெளியே கொண்டுவந்ததும் அது மட்டும் ஒரு நிறம் கூடுதலாகத் தெரிந்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் வேறு துண்டு வெட்டிப் போட்டார்கள், கூடுதல் பணம் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் அப்படியேதான் வந்திருக்கும். அதனால்தான் கூட நிற்க வேண்டும் என்கிறேன்.

தரைத் துண்டுகளை நிரந்தரமாக ஒட்ட வேண்டாம், கழற்றி வெயிலில் போட வசதியாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். ஓரத்தில் டிச் பட்டன் வைக்கலாமா என்றேன். "பட்டன் வைக்கத் தகட்டுல ஓட்டை போடணும்மா. ஓட்டை போட்ட இடத்துலதான் திரும்பத் துரு வரும்" என்று மாஸ்டர் வேறு வழி சொன்னார். அகல வெல்க்ரோ பட்டியின் சொரசொரப்புப் பக்கத்தைத் தரையில் ஒட்டி, மெத்துப் பக்கத்தைக் கார்பெட்டின் அடியில் தைத்துக் கொடுத்தார். நான்கு துண்டும் தனித்தனியாகக் கையோடு வருகின்றன. நடு மேட்டுத் துண்டு மட்டும் ஒட்டியது. எல்லா ஓரங்களிலும் சீட்டின் அதே பச்சை ரெக்ஸினில் பட்டி. டிரைவரின் குதிகால் படுகிற இடத்தில் தனியாக ஒரு ரப்பர் துண்டு தைத்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டரைச் சுற்றி மூன்று விரல் இடம் விட்டே வெட்டச் சொன்னேன். அழகுக்காகப் பெடல் வரை நெருக்கி வெட்டினால் கார்பெட் மடங்கிப் பெடலுக்கு அடியில் சிக்கும் ஆபத்து இருக்கிறது. பழைய வண்டியில் இதை நீங்களே காலை வைத்து மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

செலவு இரண்டு சீட்டுக்கும் ரெக்ஸின், ஃபோம், கூலி எல்லாம் சேர்த்து 26,000 ரூபாய். கார்பெட்டும் அடி ஷீட்டும் 11,500. டிங்கருக்குத் தனியாக 8,000. மேலே உறை மட்டும் போடுகிற கடைகளோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஆனால் அங்கே கொடுத்தது ஆறு மாதத்தில் போனது. இவர்கள் ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. சொன்ன தேதிக்கு மட்டும் தரவில்லை. கேட்டால் தயங்காமல் காரணம் சொல்வார்கள், ஆனால் நீங்கள் முகூர்த்த நாளை மனதில் வைத்துக்கொண்டு கொடுத்தால் சிரமப்படுவீர்கள். நாங்கள் கல்யாணமில்லாத ஆடியில் கொடுத்ததால் பரபரப்பு இல்லை. மார்கழியும் சரியான மாதம்தான்.

மழைக்காலத்தில் கார்பெட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். தரை காய்ந்தே இருந்தது. சித்திரையில் வண்டி முழு நாளும் வெயிலில் நின்ற பிறகும் ரெக்ஸின் தையல் இழுபடவில்லை. நடு மேட்டில் பின்பக்க ஓரம் மட்டும் சூட்டில் பசை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. கொண்டுபோய்க் காட்டியபோது அந்த ஓரத்தையும் வெல்க்ரோவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். முன் சீட்டின் இடது ஓரத்தில் உட்கார்ந்து இறங்கும்போது பைப்பிங் லேசாகக் கசங்குகிறது. அது அந்த இடத்தின் தலையெழுத்து, எந்தக் கடையில் செய்தாலும் அப்படித்தான் ஆகும். வைகாசியில் இரண்டு கல்யாணத்துக்கு வண்டி போய் வந்தது, இரண்டுமே பட்டுப் புடவைதான், ஒரு இழைகூட மாட்டவில்லை.

வெள்ளை டர்க்கி டவல் உறை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் அரசாங்க அம்பாசிடர்கள் எல்லாம் அப்படித்தான் வரும். வியர்வைக்கு நல்லது, துவைக்கலாம். கோடைக்கு மட்டும் ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், இந்தத் தையலை மூடி வைக்க மனம் வராததால் மற்ற மாதங்களில் எடுத்துவிடுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில விவரம். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை, வாசலில் பஸ் சீட்டுகள் அடுக்கியிருக்கும், குஷன் கடை என்று கேட்டால் அந்தப் பகுதியில் கை காட்டுவார்கள். பணத்தில் பாதி முன்பணம். ரெக்ஸினையும் ஃபோமையும் நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள், தரத்தில் குறை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். மேற்கூரைத் துணி வேலையும் செய்கிறார்கள், அதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார்கள், மூன்று மணிக்கு மேல் போனால் மாஸ்டரை நிதானமாகப் பார்த்துப் பேசலாம்.